மரத்தைச் சேர்த்து மனிதனைக் கழிக்கும் கணக்கு



சில மாதங்களுக்கு முன் கோலகங்சார் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துக்குக் கிளைக் கூட்டத்தின் பொருட்டுப் போயிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அதைப்போல இன்னும் பல உண்டு. இரவு எட்டு மணிக்குக் கோயில் முன்றிலில் கூட்டம் என்று சொல்லியிருந்தது. எட்டரை ஆகியும் பாதி நாற்காலி காலி. "ஆட்கள் எங்கே?" என்று கேட்டோம். "எல்லாரும் மேட்டுல நிக்கிறாங்கய்யா, லைன் பிடிக்க" என்றார் கிளைத் தலைவர்.

போய்ப் பார்த்தோம். பழைய ஸ்டோருக்குப் பின்னால் ஒரு மேடு. அங்கே இருட்டில் பதினைந்து இருபது முகங்கள், கைப்பேசி வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்தன. ஒரு தாய், பல்கலைக்கழகத்துக்கு மனுப்போடும் மகளுக்காகக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர், ஊரிலுள்ள தம் குழந்தையின் முகம் திரையில் உறைந்து நிற்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆபிஸ் கிராணி, மாதக் கடைசிச் சம்பளக் கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப மடிக்கணினியுடன் காரின் முன்மூடிமேல் உட்கார்ந்திருந்தார். கீழே துரை பங்களாவின் கூரையில் மட்டும் வட்டத்தட்டு ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தத் தோட்டத்தார் கோபுரம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வந்த பதிலின் சாரம் இவ்வளவுதான்: மக்கள் அடர்த்தி போதாது, முதலீடு கட்டுபடியாகாது.

மக்கள் அடர்த்தி! பால்மரம் வெட்டுகிறவனுக்கு இந்தச் சொல் புதிது. ஆனால் இந்தச் சொல்தான் இன்று நம் பிள்ளைகளின் படிப்பையும் நம் சம்பளத்தையும் மானியத்தையும் நிறுத்து வைத்திருக்கிறது. ஆகவே அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அடர்த்தி என்றால், ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது. 2020ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி கோலாலம்பூரில் அது எட்டாயிரத்துக்கு மேல். பேராக் மாநிலம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 120 பேர் அளவில்தான். அதிலும் ஈப்போ இருக்கிற கிந்தா மாவட்டத்தில் அறுநூறுக்கு மேல். கிரிக், லெங்கோங் பக்கமுள்ள உலு பேராக்கில் இருபதுகூட இல்லை. கம்பெனிக்காரன் இந்தப் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு, கறுத்த இடமாகப் பார்த்துக் கம்பி போடுகிறான். ஒரு கோபுரத்தின் இரும்புக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு, அதன் கீழே இருநூறு பேர் இருந்தாலும் ஒன்றுதான், இருபதாயிரம் பேர் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். வசூல் மட்டும் நூறு மடங்கு மாறும். இதை நாம் மறுக்கவில்லை. வியாபாரிக்கு இது நியாயமான கணக்கு. ஆனால் நாட்டுக்கும் இதுவே கணக்கா என்பதுதான் நம் கேள்வி.

அதற்குமுன் அவர்கள் கணக்கிலுள்ள ஓர் ஓட்டையைக் காட்டிவிடுகிறோம்.

ஐந்து சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 1,235 ஏக்கர். லயங்களில் 60 குடும்பம், 250 பேர். வகுத்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு 50 பேர். "ஆளில்லாக் காடு" என்று பேனாவால் அடித்துவிடலாம். ஆனால் அந்த 250 பேரும் 1,235 ஏக்கரில் ஆளுக்கு ஐந்து ஏக்கராகப் பிரித்துக்கொண்டு, மரத்துக்கு மரம் பந்தல் போட்டா வாழ்கிறார்கள்? லயமும் கோயிலும் பள்ளிக்கூடமும் ஆயாக் கொட்டகையும் சேர்ந்து பத்து ஏக்கருக்குள் அடங்கிவிடும். அந்தப் பத்து ஏக்கருக்குள் மட்டும் வகுத்தால், சதுர கிலோமீட்டருக்கு ஆறாயிரத்துக்கு மேல் வருகிறது. கோலாலம்பூர் கணக்குக்குப் பக்கத்தில் போய் நிற்கிறோம்! ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு வயசு" என்று வாழ்த்துகிற லயத்துக்காரனைப் பார்த்து, நீ அடர்த்தியாக இல்லை என்கிறார்கள்.

மரங்களைப் பரப்பில் சேர்த்துவிட்டு மனிதர்களைக் கழித்துவிட்டார்கள். இதுதான் அந்த ஓட்டை.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. கிராமத்தில் வீடுகள் ஆற்றோரமாக நீண்டு கிடக்கும். வீட்டுக்கு வீடு கம்பி இழுப்பது பெருஞ்செலவு. தோட்டத்தில் அப்படியில்லை. பெரிய சாலையிலிருந்து லயத்து வாசல் வரை ஒரே ஒரு கண்ணாடி இழைக் கம்பி வந்துவிட்டால், அதன்பிறகு அறுபது வீட்டுக்கும் பிரித்துக் கொடுப்பது ஒரு நாள் வேலை. செலவெல்லாம் அந்த நாலைந்து மைல் செம்மண் பாதைக்குத்தான். அந்தப் பாதையோ கம்பெனியின் பாதை. அங்கே பள்ளம் தோண்டத் தோட்டத்து முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். தொலைத்தொடர்புக்காரன் முதலாளியைக் காட்டுகிறான்; முதலாளி தலைமை அலுவலகத்தைக் காட்டுகிறான்; தலைமை அலுவலகம் அரசாங்கத்தைக் காட்டுகிறது; அரசாங்கம், "அது தனியார் நிலம்" என்கிறது.

தனியார் நிலம்! இந்த இரண்டு சொற்களை நம் பாட்டன்மார் காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். செண்டரோ அணைக்கட்டு 1930இல் முடிந்தது. பேராக் ஆற்று நீரில் பிறந்த மின்சாரம் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயக் கப்பல்களை ஓட்டிற்று. அந்தக் காலத்தில் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு; அதற்கு அடுத்த தலைமுறையிலும் பல லயங்களில் அதே விளக்குத்தான். நாடு விடுதலை பெற்றபின் கிராமங்களுக்குச் சாலையும் தண்ணீரும் மின்சாரமும் போட்டபோது, தோட்டங்கள் தனியார் சொத்து என்று ஒதுக்கப்பட்டன. 1959 முதல் பல ஆண்டுகள் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவர் நம் சுங்கை சிப்புட் தொகுதியின் உறுப்பினர் துன் வீ.தி. சம்பந்தன் அவர்களே. அவர் இலாகாவின் தொலைபேசிக் கம்பி தோட்டத்து ஆபிஸ் வரை வந்தது, லயத்துக்கு வரவில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அமைச்சரே நம் ஊர்க்காரராக இருந்தும் அந்த வேலியைத் தாண்ட முடியாத அளவுக்கு "தனியார் நிலம்" என்னும் சொல் வலிமையாக இருந்தது என்பதற்காகவே சொல்கிறோம்.

ஆனால் ஒரு காலத்தில் மட்டும் அந்த வேலி தடையாக இருக்கவில்லை. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. சிதறிக் கிடந்தவர்களில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் பெயர்த்தெடுத்துப் புதுக்கிராமங்களில் வைத்தார்கள். தோட்டத்து லயங்களையும் முள்வேலிக்குள் ஒன்றாகக் கூட்டினார்கள். அப்போது யாராவது "அடர்த்தி போதாது, செலவு கட்டுபடியாகாது" என்று சொன்னதாக நாம் கேள்விப்படவில்லை. நம்மைக் காவல் காக்க வேண்டியிருந்தபோது அடர்த்தியை அரசாங்கமே உண்டாக்கிற்று. நமக்கு வசதி செய்ய வேண்டியிருக்கும்போது மட்டும் அது நம் குற்றமாகிறது.

இனி, இணையம் வந்த வழியைப் பார்ப்போம். 2008 செப்டம்பரில் அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் 11.3 பில்லியன் வெள்ளித் திட்டத்துக்குக் கையெழுத்திட்டன; அதில் அரசாங்கத்தின் பங்கு 2.4 பில்லியன். பொதுப்பணம். அதிவேகக் கண்ணாடி இழை முதலில் கிள்ளான் பள்ளத்தாக்கு, ஜொகூரின் இஸ்கண்டார் போன்ற பணம் புழங்கும் இடங்களுக்குப் போயிற்று. 2010இல் யூனிஃபை விற்பனைக்கு வந்தது. 2015 டிசம்பரில் இரண்டாம் கட்டம்: மாநிலத் தலைநகரங்களுக்கும் பெரிய பட்டணங்களுக்கும் நொடிக்கு 100 மெகாபிட் வரை, புறநகருக்கும் கிராமத்துக்கும் தனியாக வேறொரு திட்டம், பழைய தாமிரக் கம்பியைச் செப்பனிட்டு 20 மெகாபிட் வரை. ஈப்போக்காரனுக்கு ஒரு வேகம், ஈப்போவுக்கு வெளியே இருக்கிறவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு வேகம் என்று தாளிலேயே எழுதி வைத்தார்கள். அதிலும் தோட்டம் எங்கே? தாமிரக் கம்பி இருந்தால் அல்லவா அதைச் செப்பனிட!

பிறகு 2020 ஆகஸ்டில் 'ஜெண்டெலா' என்னும் திட்டம். நான்காம் தலைமுறை அலையை, மக்கள் வாழும் பகுதிகளில் 91.8 விழுக்காட்டிலிருந்து 2022 இறுதிக்குள் 96.9 விழுக்காடாக உயர்த்துவோம் என்றார்கள். உயர்ந்துவிட்டது என்று பின்னர் அறிவித்தார்கள். பாராட்டுவோம், பல சிற்றூர்களுக்கு அதனால் நன்மை உண்டாயிற்று. ஆயினும் மீதி மூன்று விழுக்காடு யார்? ஆஸ்திரேலியாவிலா இருக்கிறார்கள்? சரவாக்கின் நீளவீட்டிலும், ஓராங் அஸ்லி குடியிருப்பிலும், செம்பனைக்கு நடுவே நம் லயத்திலும் இருக்கிறார்கள். தேசத்துக்கு மூன்று விழுக்காடு. மேட்டில் நிற்கிறவனுக்கு அது நூற்றுக்கு நூறு.

2021 இறுதியில் மூன்றாம் தலைமுறை அலையை நாடு முழுவதும் நிறுத்தினார்கள். அதே டிசம்பரில் ஐந்தாம் தலைமுறை புத்ராஜெயா, சைபர்ஜெயா, கோலாலம்பூரில் விளக்கேற்றித் தொடங்கியது. ஒரு பக்கம் ஏணியின் மேல்படி போட்டார்கள். மறு பக்கம் கீழ்ப்படியைக் கழற்றினார்கள். பழைய கைப்பேசி வைத்திருந்த பாட்டி, மகனைக் கூப்பிட முடியாமல் போனதும் போன் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பட்டணத்துக் கடைக்குக் கொண்டுபோன கதையை நாமே கேட்டோம்.

"வரைபடத்தில் உங்கள் இடத்துக்கு நிறம் பூசியிருக்கிறதே" என்பார்கள். பூசியிருக்கலாம். அலை ஒன்றும் அரசாணை அல்ல, கோடு கிழித்த இடம்வரை வந்து நிற்க. தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும். உயர்ந்த அலைவரிசை வேகம் தரும், தூரம் போகாது. மலை மறைக்கும், ஈர இலை உறிஞ்சும். பேராக்கின் தோட்டங்கள் பாதி மலையடிவாரத்தில் கிடக்கின்றன. மழைக்காலத்தில் மரம் தழைத்தால் ஒரு கோடு. இலையுதிரும் மாதத்தில் இரண்டு கோடு. அந்த வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்துக் குறை சொல்லலாம் என்கிறார்கள். லயத்து வீட்டுக்கு ஏது முகவரி? எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபிஸ் முகவரிக்குத்தான் வருகிறது. ஆபிஸிலோ லைன் உண்டு!

இதெல்லாம் பொழுதுபோக்குச் சண்டை என்று எவரேனும் நினைத்தால், 2020 மார்ச் 18க்குப் பின் நடந்ததை நினைக்கட்டும். நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பள்ளிக்கூடம் பூட்டியது, பாடம் கைப்பேசிக்குள் போயிற்று. கல்வி அமைச்சே அந்த ஆண்டு ஏறக்குறைய ஒன்பது லட்சம் மாணவர்களைப் பற்றி விசாரித்ததில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. கருவி உள்ளவனுக்கும் அலை வேண்டுமே. சபாவில் பித்தாஸ் பக்கத்துப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி, தேர்வெழுத மரத்தில் ஏறி இரவெல்லாம் தங்கியதை அந்த ஜூனில் உலகமே பார்த்தது. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உண்டு. தோட்டத்தில் பிறந்த பள்ளிகளே அவற்றில் அதிகம். அந்தப் பிள்ளைகள் மரம் ஏறவில்லை, மேட்டில் நின்றார்கள். மேட்டில் நின்றவனைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

பிள்ளைகளோடு போகவில்லை. 2024 தொடக்கத்தில் 'பாடு' என்னும் தேசியத் தரவுப் பதிவு வந்தது. மூன்று மாதத்துக்குள் பதியவேண்டும் என்றார்கள். உதவித்தொகைக்கு மனு இணையத்தில். சேமநிதிக் கணக்கு இணையத்தில். பல்கலைக்கழக மனு இணையத்தில். சம்பளம் வங்கியில், வங்கிக் கிளையோ ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. முன்பு கிராணி மனம் வைத்தால் ஒரு பாரம் நிரப்பிக் கொடுப்பார். இப்போது கிராணியும் மேட்டில்தான் நிற்கிறார். தோழர்களே, இதைக் கவனியுங்கள்: கிராணிக்கும் வெட்டுக்காரனுக்கும் இடையே கோடு கிழித்து வைத்தது பழைய தோட்டம். அலையில்லாத இரவு இருவரையும் ஒரே மேட்டில் ஏற்றிவிட்டது.

பட்டணத்துக்குப் போனால் தீர்ந்துவிடும் என்று சொல்பவர் உண்டு. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டபோது ஆள்தேவை சுருங்கிற்று. ரப்பர் காட்டில் பலர் பார்த்த நிலத்தைச் செம்பனையில் ஒருவன் பார்க்கிறான். வேலை போனவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். அவர்கள் போனதாலேயே தோட்டத்தின் அடர்த்தி இன்னும் குறைந்தது. அடர்த்தி குறைந்ததால் லைன் வரவில்லை. லைன் வராததால் இருந்த இளைஞரும் போகிறார்கள். ஆளை வெளியேற்றியவர்களே, "ஆளில்லையே" என்று கை விரிக்கிறார்கள். போன இடத்திலும் சுகமில்லை. புந்தோங்கிலோ வேறெங்கோ அடுக்குமாடியில், நாலு கோடு அலையும் நிறைந்து தெரியும். மாலையில் ஆயிரம் வீடும் ஒரே கோபுரத்தை இழுக்கும்போது படம் நகராது. வீட்டுக் கம்பிக்கு மாதக் கட்டணம் கட்ட வசதியில்லாமல், பத்து வெள்ளி ரீலோட் போட்டு நாளை ஓட்டுகிறவர்களே அங்கு அதிகம். காட்டில் அலை இல்லை. பட்டணத்தில் காசு இல்லை. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல: பட்டணத்தானுக்கு ஒரு கம்பெனி பிடிக்காவிட்டால் இன்னொரு கம்பெனி உண்டு. நமக்கு ஒரு மேடுதான் உண்டு.

வானத்திலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். ஸ்டார்லிங்க் 2023 ஜூலையில் இந்நாட்டுக்கு வந்தபோது தட்டுக்கு 2,300 வெள்ளி, மாதக் கட்டணம் 220 வெள்ளி. அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,500. ஒன்றரை மாதச் சம்பளத்துக்குமேல் தட்டுக்கு, பிறகு மாதந்தோறும் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு! துரை பங்களாவுக்கு அது சரி.

பணம் இல்லை என்று அரசாங்கம் சொல்ல முடியாது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் அனைவருக்குமான சேவை நிதி என்று ஒன்று இருக்கிறது. உரிமம் பெற்ற பெரிய தொலைத்தொடர்புக் கம்பெனிகள் தம் கணக்கிட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அதில் கட்டவேண்டும். எதற்காக? லாபம் வராத இடத்துக்கும் சேவை போகவேண்டும் என்பதற்காக. "கட்டுபடியாகாது" என்னும் பதிலுக்கு மறுபதிலாகவே பிறந்த நிதி அது. கம்பெனியின் வருமானம் எங்கிருந்து வருகிறது? நாம் போடும் ரீலோட்டிலிருந்தும்தான். மேட்டில் நிற்கும் வெட்டுக்காரனும் அந்த நிதிக்குக் காசு கொடுத்தவன். கொடுத்தவனுக்கே, "நீ அடர்த்தியில்லை" என்று கடிதம் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

பின்லாந்து என்று ஒரு நாடு. பனியும் காடும் ஏரியும். சதுர கிலோமீட்டருக்கு இருபது பேர்கூட இல்லை. பேராக்கின் சராசரியில் ஆறில் ஒரு பங்கு. அந்த நாடு 2010 ஜூலையில், ஒவ்வொரு குடிமகனுக்கும் நொடிக்கு ஒரு மெகாபிட் இணைப்பு சட்டப்படி உரிமை என்று ஆக்கிற்று. வேகம் சிறிது, ஆனால் கம்பெனியின் தயவு என்று இருந்ததைக் கடமையாக மாற்றினார்கள். அங்கே மரம் நம்மிடம் இருப்பதைவிட அதிகம். மரத்தைக் காட்டி மனிதனை மறுக்கவில்லை.

நாம் கேட்பது மூன்றே. தோட்டத்து லயத்தை அளக்கும்போது மரக்காட்டைக் கழித்து, மக்கள் குடியிருக்கும் பரப்பை மட்டும் வைத்து அளக்கட்டும். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் தண்ணீரையும் மின்சாரத்தையும் ஆயாக் கொட்டகையையும் முதலாளியின் கடமை ஆக்கியது. இணைய இணைப்பையும் அந்த வரிசையில் சேர்க்கட்டும். அதற்கு முதலாளி தலையசைக்கவில்லை என்றால், லயம் வரையிலுள்ள பாதையில் கம்பி இழுக்க அனுமதி மறுக்கும் அதிகாரத்தையாவது அவரிடமிருந்து எடுக்கட்டும். சேவை நிதியிலிருந்து தோட்டங்களுக்கென்று எவ்வளவு செலவாயிற்று என்பதை ஆண்டுதோறும் தோட்டவாரியாக வெளியிடட்டும். ஈப்போவில் ஒரு பலகையில் ஒட்டினாலும் போதும்.

அரசாங்கம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. 1960இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையானபோது, துன் சம்பந்தன் பத்து பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டம் வாங்கிய கைகளுக்கு லயத்துக்கு ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்வது பெரிதல்ல. அறுபது வீடு சேர்ந்தால் அந்த 220 வெள்ளி, வீட்டுக்கு நாலு வெள்ளிகூட ஆகாது. ஒரு தட்டு அறுபது வீட்டுக்கும் முழு வேகம் தராது. கம்பெனியின் விதி அப்படிப் பகிர்வதற்கு இடம் தருகிறதா என்றும் விசாரிக்க வேண்டும். ஆயினும் பரீட்சைக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயில் மண்டபத்துக்கு ஒன்று என்று வைக்கலாம். ஆனால் இதைச் சாக்காக வைத்து, "அவர்களே பார்த்துக்கொண்டார்கள்" என்று அரசாங்கமும் கம்பெனியும் நழுவ விடக்கூடாது.

இப்போது கிளைகளுக்கு ஒரு வேலை. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான், பாகான் டத்தோ, தஞ்சோங் மாலிம் வரை எல்லாக் கிளைகளும் ஒரு வாரம் கணக்கெடுக்க வேண்டும். எந்த லயம், எத்தனை வீடு, எத்தனை பிள்ளைகள், வீட்டுக்குள் எத்தனை கோடு, எந்த மேட்டில் லைன் கிடைக்கிறது, அந்த மேடு எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு. லயங்கள் எத்தனை ஏக்கரில் நிற்கின்றன என்பதையும் கிராணிமார் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த எண் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்ல மாட்டோம். செயலாளர் அதை ஈப்போவுக்குப் பஸ்ஸில் கொண்டுவருவார்.